மீன்தொட்டிக்கு அடித்த கொசுவலை

கொசுவலை அடிக்கிற தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: நாம் யாரைத் தடுக்கிறோமோ, அவருக்காக அந்த வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை.

மீன்தொட்டிகளுக்கு மூடி செய்யப் போனதில் அந்த நிம்மதியும் போயிற்று. மைசூரில் பல வருடங்களாக ஜன்னல்களுக்கு வலை போட்டுப் பிழைக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபிறகுதான் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிற சுபாவம் எனக்கு. அளவுநாடாவோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கும், காலையில் எழுந்ததும் முதலில் தரையைப் பார்க்கிற மீன் வளர்ப்பவர்களுக்கும் நான் பட்டது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மாமியின் சட்டம்

விஜயநகரில் சம்பத் ஸார் வீட்டுக்கு நான் போனது சமையலறை ஜன்னலுக்காக. அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கோதை மாமி. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். அந்தச் சமையலறைக்குள் வெங்காயம்கூட அனுமதி கேட்டுத்தான் வரும். அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில், மூன்றடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. மேலே மூடி கிடையாது. ஜன்னல் வேலை முடிந்ததும் சம்பத் ஸார் என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

சிக்கல் இதுதான். மாமி காலையில் குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு பூஜை அறைக்குப் போகிற வழியில் தொட்டி இருந்தது. ராத்திரியில் குதித்த மீன் ஏதாவது ஒன்று அந்த வழியில் கிடக்கும். இருட்டில் மாமியின் கால் அதன்மேல் படும். உடனே மறுபடி குளியல், மறுபடி புடவை, பெருமாளுக்குத் தளிகை தாமதம். பலமுறை இப்படி ஆனபிறகு மாமி ஒரு சட்டம் போட்டுவிட்டார். இன்னொரு மீன் காலில் பட்டால், தொட்டி எந்தக் கடையிலிருந்து வந்ததோ அந்தக் கடைக்கே போய்விடும். "நான் பக்கத்துல போனா எல்லாம் ஓடி வரதுகள், பழனி. ரிட்டயர் ஆனவனைப் பார்த்து வேற யார் ஓடி வரா?" என்று சம்பத் ஸார் என்னிடம் கேட்டார்.

மாமி காபியோடு வந்தார். அவர் காதில் விழட்டும் என்று ஸார், "பெருமாள் எடுத்த முதல் அவதாரமே மீன்தானே, கோதை" என்று சொல்லிப் பார்த்தார். மாமி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "அவதாரம் தண்ணியில எடுத்தார். நம்மாத்துக் கூடத்துல எடுக்கலை."

ஊஞ்சல்

ஜன்னலுக்குச் செய்கிற மாதிரியே தொட்டிக்கும் செய்தேன். கண்ணாடி விளிம்பைச் சுற்றி வெல்க்ரோ பட்டை ஒட்டி, அதன்மேல் வலையை இழுத்து அழுத்திவிட்டேன். சாப்பாடு போட ஒரு மூலையைப் பிய்த்தால் போதும். திரும்பி வரும்போது, இவ்வளவு சுலபமான வேலையை ஏன் யாரும் முன்பே செய்யவில்லை என்று எனக்குள் ஒரு கர்வம். எனக்கு இப்படிக் கர்வம் வந்தால் அதன் பின்னாலேயே போன் வரும்.

வந்தது. ஜன்னலில் வெயில்தான் படும்; தொட்டியிலோ கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். பட்டையின் பசையை அது தின்றுவிட்டது. "மாமி காலிலா ஸார்?" என்றுதான் முதலில் கேட்டேன். "சேச்சே, மீன் எல்லாம் உள்ளேதான் இருக்கு. உங்க வலையும் உள்ளே வந்துடுத்து. ஷார்க் அதுல படுத்து ஊஞ்சல் ஆடிண்டிருக்கு."

ஷார்க் என்றால் பயப்பட வேண்டாம். விரல் நீளத்தில், சிவப்பு வால் உள்ள ஒரு கறுப்பு மீன். கடைக்காரர் அந்தப் பெயரில்தான் விற்றாராம். குதிப்பதில் அதற்குத்தான் முதலிடம் என்று ஸார் பெருமையாகச் சொன்னார்: "மத்ததெல்லாம் தவறி விழறதுகள், பழனி, இது ஒண்ணுதான் கிளம்பிப் போறது."

ஒரு மீன் போகிற சந்து

இதற்கிடையில் நான் மீன்தொட்டிக்கும் வலை போடுவதாகச் செய்தி பரவி, தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஊதுபத்திக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டது மகன். நான் போனபோது கல்லாவில் அப்பா இருந்தார். கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்து நடுவில் கன்னடத்துக்குப் போய்விடுவார். தொட்டி வாஸ்துவுக்காக வைத்தது என்று விளக்கினார். "மீன் செத்தா, கடைக்கு வரவேண்டிய கெடுதலை அது வாங்கிட்டுப் போச்சுன்னு அர்த்தம். நீ சும்னே மூடிட்டா, கெடுதல் எல்லி ஹோகுத்தே?"

கெடுதல் எங்கே போகும் என்றுதான் கேட்கிறார். இதுவரை நான் போட்ட ஜன்னல் வலைகளில் எந்தெந்த வீட்டுக் கெடுதல்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றனவோ என்றுகூட ஒரு யோசனை வந்துவிட்டது. மகன் உள்ளேயிருந்து, "அப்பா, போன மாசம் குதிச்சது எல்லாத்துலயும் ஒசத்தி மீன்!" என்று கத்தினான். பெரியவர் தொட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "சரி, பையன் கேக்கறான், போடு. ஆனா ஒரு மீன் போற அளவு சந்து விட்டுடு."

ஸ்டூல்

சம்பத் ஸாருக்கு இரண்டாவது மூடியை அலுமினியச் சட்டத்தில் செய்தேன். சட்டத்தில் ஒரு பள்ளம் ஓடும். வலையை அதன்மேல் விரித்து, பீடிங் என்கிற ரப்பர் கயிற்றை அந்தப் பள்ளத்துக்குள் வைத்து அழுத்தினால் வலை பிடித்துக்கொள்ளும். பீடிங் மேலே தெரிகிற மாதிரி, நடுவில் தூக்குவதற்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்தேன். மாமிகூட ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இந்த முறை போனில் ஸாரின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. மொட்டைமாடியில் நின்று பேசினாராம். ஷார்க் கீழிருந்து முட்டியதில் பீடிங் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மீன் அந்த வழியே வந்து, பக்கத்திலிருந்த ஸ்டூலில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, மாமி குளித்துக்கொண்டிருந்தார். ஸார் அதைக் கையில் அள்ளித் தண்ணீரில் விட்டுவிட்டு, ஸ்டூலையும் துடைத்துவிட்டார். மாமியிடம் சொல்லிவிடலாமே என்றேன். "சட்டம் தரைக்குத்தான், பழனி. ஸ்டூலுக்கு இன்னும் சட்டம் வரலை. வரதுக்குள்ள நீங்க வந்துடுங்கோ."

செல்வி

மூடியை வீட்டுக்கு எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மீனுக்கு என்ன குறை? தண்ணீர் சுத்தம். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. காற்றுக்கு ஒரு மோட்டார் ஓடுகிறது. பின் எதற்காகத் தெரியாத இடத்துக்குக் குதிக்கிறது? நானும் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருந்து வெளியே வந்தவன்தான். ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒழுங்கான பதில் கிடையாது. தரையில் விழுந்தபிறகு, அந்த மீன் என்ன நினைத்திருக்கும்?

செல்வி என் மனைவி, தொழிலிலும் கூட்டாளி. வலை வெட்டுவது அவள் கை. கொள்ளேகால் பக்கத்துக்காரி. என் மடியில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரலால் வலையைப் பீடிங் இருந்த பக்கம் நோக்கித் தள்ளினாள். பீடிங் கழன்று வந்தது. மறுபக்கம் திருப்பி அதே வேகத்தில் குத்தினாள். வலை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. கொசுவுக்கு எடை கிடையாது, ஆகவே பீடிங் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். மீனுக்கு எடை உண்டு. பீடிங் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இது தோன்றியதே இல்லை. "அது எதுக்குக் குதிக்குதுங்கற ஆராய்ச்சியை அப்பறமா வெச்சுக்கலாங்க. முதல்ல கைப்பிடியக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டுங்க."

ஹெப்பாள் பையன்

ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பையன், வீடியோ பார்த்துத் தானே மூடி செய்துகொண்டான். கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, மேலே டேப் சுற்றியிருந்தான். ஈரத்தில் அது அப்பளமாக நமத்துப்போய் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கே போனது ஜன்னல்களுக்கு வலை போட. அட்டையைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை; பீடிங் தத்துவத்தை முழுக்க விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு நான் அப்போதுதான் முடித்திருந்த ஜன்னல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பரவால்ல அங்கிள், மீன் தொட்டியை விட்டுக் குதிச்சாலும் வீட்டை விட்டுப் போக முடியாது."

வடாம்

திருப்பிப் போட்ட மூடி நின்றது. ஷார்க் முட்டும் சத்தம் சமையலறை வரை கேட்கும், ஆனால் வெளியே வராது என்று ஸார் சந்தோஷமாகச் சொன்னார். வெயில்காலம் வந்தது. ஒருநாள் மாமியே போன் செய்தார். மொட்டைமாடியில் மரத்தட்டில் வடாம் பிழிந்து காயவைத்தால் காக்காய் விடமாட்டேன் என்கிறது, மீனுக்குப் பண்ணின மாதிரி ஒன்று வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு அது. தொட்டியின் அளவு கையில் இருந்தது, மரத்தட்டுக்கும் அது பொருந்தியது. அதே வெள்ளைச் சட்டம், அதே கறுப்பு வலை, அதே கைப்பிடி. காக்காய் மேலேயிருந்து கொத்தும் என்பதால் பீடிங்கை மட்டும் மேல்பக்கம் வைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். உடனே வரச்சொல்லி மாமியிடமிருந்து அழைப்பு. போனால், கூடத்தில் மாமி இடுப்பில் கைவைத்து நிற்கிறார். ஸார் தொட்டியை ஒட்டி நிற்கிறார். தொட்டிமேல் ஒரு மூடி. மாடியில் வடாம்மேல் ஒரு மூடி. ஸார் தொட்டியைச் சுத்தம் செய்தபோது, நல்லெண்ணத்தில் இரண்டு மூடிகளையும் மாடிக் குழாயடியில் சேர்த்துக் கழுவிக் காயவைத்திருக்கிறார். எடுத்து வைக்கும்போது எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டுக்கும் சோப்பு போட்டேனே, கோதை."

"நீங்க பேசாதேங்கோ, ஏன்னா. சொல்லுங்கோ பழனி, வடாம்மேல இருக்கிறது எது? மீனோடதா இருந்தா இந்தத் தொட்டி இன்னிக்கே கிளம்பிடும்."

மாடிக்குப் போனோம். எனக்குக் குனிந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வடாம்மேல் இருந்த மூடியில் பீடிங் கண்ணில் படவில்லை. அது கீழே, வடாமைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீனுடையது. மாமிக்குப் பின்னால் ஸார் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். அந்தக் கண்களை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பொய் சொன்னால் தொட்டி தங்கும், வடாமும் வீணாகாது. ஆனால் கீழே தொட்டிமேல் இருப்பது காக்காய்க்காகச் செய்த மூடி; பொய் சொன்னபிறகு அதை மாற்றவும் முடியாது. ஷார்க் ஒருமுறை முட்டினால் பீடிங் பிடுங்கிக்கொள்ளும், மீன் தரைக்கு வரும், காலையில் மாமியின் கால் வரும். பொய் சொல்லிக் காப்பாற்றினால் அது அடுத்த குளியல் வரைக்கும்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் தொட்டி கடைக்குப் போயிற்று. இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் காக்காய்கூட வந்து சுவரில் உட்கார்ந்துவிட்டது.

"மீனோடதுதான் மாமி" என்றேன். கூடவே, இரண்டையும் உடனே மாற்ற வேண்டும், இல்லையென்றால் மீன் தரைக்கு வந்துவிடும் என்று பீடிங்கைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமி மூடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பீடிங்கை விரலால் தடவினார். பிறகு கணவரைப் பார்த்தார். ஸார் அவதாரத்தைக்கூட இழுக்கவில்லை. ரயில்வேயில் அத்தனை வருடம் இருந்தவர், வண்டி போய்விட்டதா நிற்கிறதா என்று தெரியாத பயணி மாதிரி நின்றார்.

"மூஞ்சியைப் பாரு" என்றார் மாமி, யாரிடமும் இல்லாமல். வடாம் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இதை நாங்க சாப்பிடறதுக்கில்லை. உங்காத்துல மீன் சாப்பிடறவாதானே, எடுத்துண்டு போங்கோ. நன்னா காஞ்சிருக்கு." நான் கீழே போய் மூடிகளை மாற்றி வைத்தேன். கைகழுவி வரும்போது மாமி வாசல்வரை வந்தார். "மீனோடதைப் பச்சைச் சட்டத்துல பண்ணிடுங்கோ, வடாமுக்குப் புதுசா வெள்ளை. இனிமே கலர் மாறித்துன்னா தொட்டி மட்டும் போகாது, மாமாவும் கூடவே போவார்."

அன்று இரவு செல்வி அந்த வடாமை மீன் குழம்புக்குத் தொட்டுக்கொள்ளப் பொரித்தாள். அதைக் கடித்துக்கொண்டே நான் யோசித்ததில் தெரிந்தது இவ்வளவுதான், மீனைத் தொட்டிக்குள் வைப்பது சுலபம், தொட்டியை வீட்டுக்குள் வைப்பதுதான் வேலை.