புக்கிட் செராய் வேங்கைகளை வளர்த்த பலராமன்

சனிக்கிழமை மதியம் செண்டாயானில் லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி விடாமல் துடித்தது. எங்கள் பேஸ்பால் குழுவின் வாட்சப்பில் யாரோ போட்டிருந்தார்கள்: "கோச் பலராமன் காலமானார். நெஞ்சு வலி." லோரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் மூச்சு விடுவதற்குள் கைகூப்பும் படங்களும் அழுமூஞ்சிப் படங்களும் வரிசை கட்டி வந்தன. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றார் ஒருவர். 'எங்கள் தந்தையை இழந்தோம்' என்றார் இன்னொருவர்.

அன்று காலையில் அதே வாட்சப்பில் பலராமன் அண்ணன் கேட்டிருந்தார்: "நாளைக்கு மூணு மணிக்கு ஆட்டம். யார் யார் வர்றீங்க?" பந்து எறியும் பிட்சர் தேவனும் நானும் மட்டும் பதில் போட்டோம். மற்றவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். உயிரோடு இருந்து கேட்டவருக்குப் பதில் இல்லை. செத்ததும் ஆளாளுக்குத் தந்தை! என்ன ஜென்மங்களோ.

திரு. பலராமன் அவர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெடாஸ் பக்கம் புக்கிட் செராய் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். குள்ளமான உருவம், பெரிய தொண்டை. அவர் தங்கமானவர், பொறுமைசாலி என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். பொறுமையாவது, மண்ணாங்கட்டியாவது! பந்து கையிலிருந்து நழுவினால் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும்படி திட்டுவார். மட்டையைப் பிடித்தால் அவருக்குப் பத்துக்கு ஒரு பந்துகூட அகப்படாது. ஆனாலும் அடிப்பது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பழைய காரைக் கொண்டுவந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி ஹார்னை அழுத்துவார். "பெரட்டு! பெரட்டு!" என்று கத்துவார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் விடியற்காலைப் பெரட்டை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை.

இந்தத் தோட்டத்துக்கு பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அவர் வேலை செய்த தொழிற்சாலையில் இருந்த ஜப்பான்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது மட்டை, க்ளவ், முகமூடி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஸ்டோருக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் அதைக் குப்பை என்றார்கள். அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பள்ளியில் சோஃப்ட்பால் ஆடிய பழக்கம் அவருக்கு இருந்தது. எங்களுக்கு எதுவும் தெரியாது. முதல் நாள் பந்தை அடித்ததும் எல்லாரும் கிரிக்கெட் ஓடுவதுபோல மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினோம். "மட்டைய போட்டுட்டு ஓடுங்கடா! கல்யாணச் சீரா அது, கையோட கொண்டுபோக?" என்று அண்ணன் பின்னாலேயே துரத்தினார். எனக்குக் கால் கனம், ஓட வராது. "நீ உக்காந்துக்கிட்டே ஆடற ஆளு" என்று என் தலையில் முகமூடியை மாட்டி, மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சர் ஆக்கினார். இன்றுவரை அதுதான் என் இடம்.

குழுவுக்குப் பெயர் வேங்கைகள். வேங்கைகளாம்! வெயில் கொஞ்சம் ஏறினால் நிழல் தேடும் வேங்கைகள். மூன்றாம் பேஸில் நின்றவர் செல்வம், முதல் பேஸில் நின்றவர் நாதன். இருவரும் மாமன் மச்சான். ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்கார வைத்துவிட்டார்கள் என்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். மூன்றாம் பேஸில் பந்தைப் பிடித்தால் நேராக முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஓடி வருகிறவன் அங்கேதான் அவுட். செல்வம் எறியமாட்டார். பேசாதவனுக்கு எதற்குப் பந்து? தேவனிடம் கொடுப்பார். தேவன் நாதனிடம் எறிவதற்குள் அடித்தவன் பேஸில் நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருப்பான். அண்ணன் நடுத்திடலுக்கே போய்க் கத்தினார்: "நீங்க பேசிக்க வேணாம்டா! பந்துக்கும் உங்க சம்பந்தத்துக்கும் என்னடா?" அவர்கள் கேட்கவில்லை. ஒரு முழு ஆண்டு இப்படித் தோற்றோம். கடைசியில் நாதனைத் தொலைவில், இடது கோடிக்கு அனுப்பிவிட்டு, வேறு ஆளை முதல் பேஸில் நிறுத்தினார். அதற்கும் நாதன் கோபித்துக்கொண்டார். இந்த லட்சணத்தில் ஒரு குழுவை அந்த மனிதர் தலைமுறைக் கணக்கில் நடத்தினார். எனக்கு அப்போதே ஆத்திரம் வரும். "ஏண்ணே இதுங்களோட மாரடிக்கிறீங்க?" என்று கேட்பேன். "வேற ஆள் எங்கடா இருக்கு? இதுங்கதான்" என்பார்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போது குடியிருக்கும் தாமான் வீடமைப்பிலும் இருக்கிறது. ஒரு வீட்டில் பிரேதம் கிடந்தால் அது வெளியேறும்வரை யாரும் பந்தைத் தொடக்கூடாது, பாட்டு வைக்கக்கூடாது. தூக்கிய பிறகு தடை இல்லை. ஒருமுறை கோலா பிலா குழுவோடு ஆட்டம் இருந்த அன்று காலையில் எங்கள் லயத்து வரிசை வீடு ஒன்றில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். ஆட்டம் போச்சு என்று எல்லாரும் சந்தோஷமாகப் படுத்துவிட்டார்கள். அண்ணன் படுக்கவில்லை. வழக்கத்தையும் மீறவில்லை. துக்க வீட்டுக்குப் போய்ப் பெட்டிக்கு ஏற்பாடு செய்தார், வண்டி பிடித்தார், பூசாரியைக் கையோடு கூட்டி வந்தார். உச்சி வெயிலுக்கு முன் காரியம் முடிந்தது. சாயங்காலம் ஆடினோம். "பேஸ்பாலுக்காகப் பொணத்த வெரட்டறான்" என்று பேசியவர்கள் அன்று அந்த வீட்டுக்கு ஒரு நாற்காலிகூடத் தூக்கிப் போடவில்லை.

அவருடைய தாயார் தவறியதும் ஓர் ஆட்ட நாளில்தான். சிங்கப்பூரிலிருந்து வரவேண்டிய உறவுக்குக் காத்திருக்கலாம் என்றார்கள். "வர்றவங்க வீட்டுக்கு வந்து விசாரிக்கட்டும். அம்மா வெயிலுக்கு முன்ன போகட்டும்" என்று சொல்லிவிட்டார். கொள்ளி வைத்தவர் ஆட முடியாதல்லவா? மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு திடல் ஓரத்தில் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். ஊரே அவரைக் கல்நெஞ்சன் என்றது. நான் அவரை அருகிலிருந்து பார்த்தவன். திட்டிக்கொண்டே அழுதார்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். ஆட்கள் சிரம்பான், பெடாஸ், செண்டாயான் என்று சிதறினார்கள். அண்ணனுடைய வேலை இரட்டிப்பானது. குழுவுக்குச் சங்கம் என்று ஒன்று வைத்து, அதற்குத் தலைவராகத் திரு. குணசேகரன் வந்தார். மட்டையில் எந்த முனையைப் பிடிப்பது என்று அவருக்கு இன்றும் தெரியாது. படம் பிடிக்கும்போது மட்டும் நடுவில் இருப்பார். அண்ணன் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. "அவரு மாலை போட்டுக்கட்டும்டா, நமக்கு ஒம்போது பேரு வந்தா போதும்" என்பார். அந்த ஒன்பது பேருக்காக அவர் வாங்கிய ஏச்சும் கெஞ்சிய கெஞ்சலும் எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு ஓர் ஆட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. வேங்கைகளில் ஒருவருக்குப் பிள்ளையின் பிறந்தநாள் விருந்து; மற்ற வேங்கைகளுக்குப் பிரியாணி. லீக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு முறை வராமல் போனால் பெயர் நீக்கப்படும், திரும்பச் சேர்க்கமாட்டார்கள். அண்ணன் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்று அவர் மனைவி சரோஜா அண்ணி சொன்னார். அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் சனிக்கிழமையே போய்விட்டார்.

ஞாயிறு காலையில் துக்க வீட்டுக்குப் போனேன். அண்ணி என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, பன்னண்டுக்குள்ள எடுக்கச் சொல்லு. பசங்க ஆட்டத்துக்குப் போகட்டும். அவரு அதத்தான் கேப்பாரு." தலைவரிடம் சொன்னேன். அவர் வெள்ளைச் சட்டையில் பந்தலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"எப்படிப்பா? நம்ம தொகுதி ஒய்பி வர்றாரு. நாலு மணி ஆகும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கோச்சுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"மூணு மணிக்கு ஆட்டம், தலைவரே. போகலன்னா டீம் அவுட்டு."

"லீக்குக்கு நானே போன் போட்டுப் பேசிட்டேன் லா. தள்ளி வச்சிருவாங்க. நீ டென்ஷன் ஆகாத."

லீக் செயலாளருக்கு நானும் அழைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. தலைவர் உள்ளே போய் அண்ணியிடம் ஏதோ சொல்லித் தலையாட்டிவிட்டு வந்தார். மணி ஒன்றானது, இரண்டானது. பந்தலுக்கடியில் வேங்கைகள் எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இத்தனை பேரை நான் சேர்ந்து பார்த்ததில்லை. சீருடைச் சட்டை போட்டு, கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். நான்கு பேர் நாற்காலியை வளைத்துப் போட்டுக்கொண்டு சீட்டாடினார்கள்.

"வாங்கடா, போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

செல்வம் சீட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "பிரேதம் கெடக்கும்போது எப்படிண்ணே ஆடறது? தப்பில்லையா?"

பிரேதத்தை வைத்துக்கொண்டு சீட்டாடலாமாம், பந்து ஆடக்கூடாதாம்! தேவனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தலைவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார் அல்லவா? இவர்களோடு பேசி என்ன ஆகப்போகிறது என்று முகமூடியை எடுத்துக்கொண்டு லோரியில் ஏறினேன்.

திடலில் எதிர்க் குழு வந்து பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தது. அம்பயர் ஒரு மலாய்க்காரர், மரத்தடியில் பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து "சொராங் சஜா, பாங்?" என்றார். ஒருவர்தானா, அண்ணே என்று கேட்கிறார். எங்கள் கோச் இறந்துவிட்டார், ஆட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லித் தலைவர் பேசியிருப்பாரே என்றேன். யாரும் பேசவில்லை என்றார். கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே செயலாளருக்கு அழைத்தார். அவருக்கு மட்டும் எடுத்தார்கள். யாரும் போன் செய்யவில்லை, விதி விதிதான் என்று பதில் வந்தது. அம்பயருக்கே சங்கடமாக இருந்தது. காத்திருக்க வேண்டியதற்கு மேலும் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தார். நான் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு அவர் கையைத் தூக்கி, ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று அறிவித்தார். வராத குழு அப்படித்தான் தோற்கும்.

மின்சுடலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை இறக்கியிருந்தார்கள். ஒய்பி வரவில்லை. மலர் வளையம் ஒன்று வந்திருந்தது, அதில் அண்ணன் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். தலைவர் குழுவின் சீருடை ஒன்றைப் பெட்டி மேல் விரித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "கோச் மறைந்தாலும் அவர் வளர்த்த வேங்கைகள் என்றென்றும் வாழும்" என்றார். ஒருவர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணி என்னை அருகே கூப்பிட்டார்.

"ஆட்டம் என்னாச்சு தம்பி?"

"ஒம்போதுக்கு ஸீரோ, அண்ணி."

"யாருக்கு ஒம்போது?"

"அவங்களுக்கு."

அண்ணி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அந்தச் சட்டைகளை எத்தனையோ ஞாயிறு இரவுகளில் துவைத்துப் போட்டவர் அவர். செல்வத்தின் முன்னால் போய் நின்று, மார்பில் சட்டைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"நீங்க போகவே இல்லையா?"

தலைவர் மட்டும், "அக்கா, இப்ப இதெல்லாம் பேசற நேரமா?" என்றார்.

"பசங்கள அனுப்பிட்டேன்னு நீங்கதான சொன்னீங்க? அதக் கேட்டுத்தான நாலு மணி வரைக்கும் அவர வச்சிருந்தேன்?"

அண்ணி திரும்பிப் பெட்டியண்டை போனார். விரித்திருந்த சீருடையை எடுத்தார், சுருட்டினார், தலைவரின் கையில் வைத்தார். "இது அவருக்கு வேணாம். கொண்டு போங்க" என்றார். பிறகு பெட்டியைத் தள்ளச் சொன்னார். வேலைக்குப் போகும் நீலச் சட்டையோடு அண்ணன் உள்ளே போனார். தலைவர் அந்தத் துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

போய் வாருங்கள் என்றுதான் இப்படிப்பட்ட கட்டுரையை முடிப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. இவர்கள் நடுவில் திரும்பி வந்து என்ன செய்யப்போகிறீர்கள்? போங்கள், அண்ணே.