அவர் தாசில்தார் அல்ல

செய்தி வந்தபோது நான் ஐந்தருவியில், தலை நிறைய எண்ணெயோடு ஆண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த மைத்துனரிடம், அந்த ஐந்து கிளையையும் நானே மலையை வெட்டிப் பிரித்துவிட்டது போல விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பைகளுக்குக் காவலாக வெளியே நின்ற என் மனைவி செண்பகம் கையைக் காட்டி அழைத்தாள்.

"கோமதி டாக்டர் போயிட்டாங்களாம். காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்லையாம்."

என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் இதுதான்: "யாரு, நம்ம தாசில்தாரா?"

மைத்துனர் உடனே குரலைத் தாழ்த்தி, "பெரிய அதிகாரிங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். செண்பகம் என்னைப் பார்த்த பார்வையில் தலையிலிருந்த எண்ணெய் முழுக்கக் காய்ந்துவிட்டது. குளிக்காமலே தென்காசிக்குத் திரும்பினோம்.

நம் தெருவில் பழையவர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி தாசில்தார் அல்ல. கால்நடை மருத்துவர். அச்சன்புதூர்ப் பக்கம் வயலில் கன்று போட முடியாமல் தவித்த எத்தனையோ மாடுகளுக்குத் தோள் வரை கையை விட்டுப் பிழைக்க வைத்தவர். ஓய்வு பெற்று நம் தெருவுக்கு வந்த பிறகு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு நாய், பூனை பார்த்தார். அதிலும் கடுவன் பூனைகளின் சிறுநீர் என்றால் உயிர். சங்கீதக்காரர்கள் ராகத்தைப் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசுவார்.

எனக்கு அவரைத் தெரியவந்தது என் பூனையால். அதன் பெயர் திவான். முன்வாசல் கூடம் அதற்குச் சமஸ்தானம். நாற்காலிக்குப் பக்கத்திலேயே அதற்கு மண்தொட்டி. மாலையானால் அங்கே என் தர்பார் கூடும். நான் கதை விட, நான்கு பேர் சிரிக்க, அந்தச் சிரிப்பில் குற்றால மலையே ஒரு அடி நகர்ந்திருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. திவானுக்குச் சாப்பாடு, கடையில் வாங்கும் உலர் தீனியும், மேலே ராஜமரியாதைக்கு நெத்திலிக் கருவாடும். தண்ணீர் குடிக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒருநாள் அது மண்தொட்டியில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. ஒரு சொட்டு வரவில்லை. அடியை நக்கிக்கொண்டே குழந்தை போல அழுதது. மலச்சிக்கல் என்று நான் தீர்ப்பளித்தேன். பிறகு, கல்லாக இருக்கலாம் என்று வாழைத்தண்டைச் சாறு பிழிந்து புகட்டினேன். அது போதாதென்று, மூலிகையில் இறங்கிவரும் அருவித் தண்ணீருக்குக் கரையாத கல் உண்டா என்று ஐந்தருவியிலிருந்து ஒரு கேன் பிடித்துவரக் கிளம்பினேன். செண்பகம் என்னிடம் பேச்சை வளர்க்காமல் பூனையைத் துண்டில் சுற்றி எதிர்வீட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கோமதி அதன் வயிற்றைத் தொட்டார். கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"எப்பத்துல இருந்து இப்படி இருக்கான்?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து. வாழைத்தண்டுச் சாறு குடுத்திருக்கேன்."

"குடுத்து எங்கன போவும் அண்ணாச்சி? போற வழியே அடைச்சுக் கெடக்கு. மூத்திரப்பை கல்லு கணக்கா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தீயன்னா பூனையப் பொதைக்க இடம் பார்த்திருப்பீய."

மயக்க ஊசி போட்டு, நூல் போன்ற குழாயை ஏற்றி வடித்தார். ரத்தம் கலந்து வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை. "ஆம்பளப் பூனைக்கு வழி ரொம்பக் குறுகல். அது தொட்டியில உக்காந்து முக்கி ஒண்ணும் வரலன்னா, விடியட்டும்னு பார்க்கக்கூடாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எல்லா வீட்டு வாசலிலும் எழுதி வைக்கலாம்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் சமஸ்தானத்தைச் சோதனை போட்டார். கருவாடு நிற்கட்டும் என்றார். உலர் தீனி போட்டால் தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் போடச் சொன்னார். முடிந்தால் வேகவைத்த மீனைச் சாறோடு கொடுக்கலாம், அதற்கு உப்பு கூடாது. தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டுத் தட்டை ஒட்டி இருக்கக்கூடாது, அகலமாக இருக்க வேண்டும், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும். "பால் குடிக்கானே" என்றேன். "பால் தண்ணி ஆவாது அண்ணாச்சி. வயித்தால போவும், அவ்வளவுதான்" என்றார். திவானுக்குக் குழாயில் சொட்டும் தண்ணீரை நக்கப் பிடிக்கும் என்று செண்பகம் சொன்னபோது கோமதிக்கு முகம் மலர்ந்தது. "மெட்ராஸ்ல இருந்து பஸ் புடிச்சு வந்து நாமெல்லாம் விழுற தண்ணியில நிக்கோம். அது மட்டும் தேங்கின தண்ணியக் குடிக்கணுமா?"

கடைசியாக மண்தொட்டியின் முன் நின்றார். "இத உள்ள கொண்டு போயி அமைதியான இடத்துல வைங்க. தினம் சுத்தம் பண்ணுங்க. பூனை கூச்சப்படுற ஜீவன். நாலு பேரு இருந்து சிரிக்கிற எடத்துல அது அடக்கிக்கிடும். அடக்கி அடக்கித்தான் வம்பு."

அன்றிலிருந்து தினமும் காலையில் கறிகாய்ப் பையோடு போகும்போது எங்கள் கேட்டில் நின்று உரக்கக் கேட்பார்: "அண்ணாச்சி, போச்சா?"

"போச்சு டாக்டர்."

"தொட்டியில நனைஞ்ச மண்ணு கட்டி எவ்வளவு? எலுமிச்சங்கா அளவா, கொட்டப்பாக்கு அளவா?"

எலுமிச்சை என்றால் சிரித்துக்கொண்டு போவார். கொட்டைப்பாக்கு என்றால் கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிடுவார். எங்கள் வீட்டில் மட்டுமல்ல. பூனை இருக்கும் எல்லா வாசலிலும் இதே விசாரணை. ஒருமுறை என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்த நொடியில் வாசலில் "போச்சா?" என்ற குரல் எழுந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பஜ்ஜியைக் கீழே வைத்தார். கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் அன்று மாலை என் தர்பாரில் நான் அறிவித்தேன்: "திவானுக்கு ஒரு மூத்திரத் தாசில்தாரை சர்க்கார் நியமிச்சிருக்கு. தினம் வந்து வரி வசூல் பார்க்காங்க."

சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அது திறந்திருந்தது எனக்குத் தெரியும்.

பெயர் நின்றுவிட்டது. பெண்கள், பிள்ளைகள் முன்னால் சொல்ல ஏதுவாக முதல் சொல் உதிர்ந்து, "தாசில்தார் அம்மா" ஆனது. பிறகு வந்த வாடகைக் குடித்தனக்காரர்கள் அதை நிஜமென்றே நம்பி, பட்டா மாற்றத்துக்கு யோசனை கேட்டு அவரிடம் போயிருக்கிறார்கள். அதையும் ஒரு கதையாக்கி ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினேன்.

ஒரு கட்டத்தில் அவர் கேட்டில் நின்று கேட்பதை நிறுத்திவிட்டார். எங்களுக்குப் போன் மட்டும் வரும், மெல்லிய குரலில்: "செண்பகம், திவான் போனானா?" முழங்கால் வலி என்று நினைத்தோம். "தாசில்தார் இப்போ கேம்ப் ஆபீஸ்ல இருந்து விசாரிக்காங்க" என்று அதற்கும் ஒரு சிரிப்பு வாங்கினேன். கடைசி வீட்டு சுப்பம்மா ஆச்சியிடம் போன் கிடையாது. அவர்களுடைய கடுவன் அடைத்துக்கொண்டபோது ஆச்சி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வாசலில் வந்து கேட்க ஆள் இல்லை. பூனை செத்துப்போனது. அதை நான் யாரிடமும் கதையாகச் சொல்லவில்லை. அப்போதே எனக்கு எதுவோ புரிந்திருக்க வேண்டும்.

இனி அந்த பேனர். குற்றாலத்திலிருந்து வந்து இறங்கும்போது தெருமுனையில் கட்டி முடித்திருந்தார்கள். கோமதியின் படம், இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு, கீழே பெரிய எழுத்தில்: "ஓய்வு பெற்ற வட்டாட்சியர் கோமதி அம்மாள் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி." அதற்கும் கீழே துயரத்தில் பங்குகொள்வோர் வரிசையில் முதல் ஆளாக, கைகூப்பியபடி, கல்யாண வீட்டில் எடுத்த சிரிப்போடு நான்.

அதைக் கட்டிய தெருப் பையன் முத்தையாவைப் பிடித்தேன். "ஏலே, என்னலே இது?"

"நீங்கதான மாமா எப்பவும் தாசில்தார் அம்மான்னு சொல்லுவீய. பேனர்ல நல்ல தமிழா இருக்கட்டும்னு வட்டாட்சியர்னு போட்டோம்."

அவன் முகத்தில் துளி விளையாட்டில்லை. நான் விட்ட கதையை ஒரு தலைமுறை மரியாதையோடு நம்பியிருக்கிறது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பேனரைப் பார்த்துவிட்டு மாலையோடு வந்து, "அம்மா எந்த ஆபீஸ்ல இருந்தாங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்ட ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மாலையில் பெங்களூரிலிருந்து கோமதியின் மகள் உமா வந்து இறங்கினாள். பேனர் முன்னால் பையோடு நின்று முழுக்க வாசித்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, இது என்ன?"

பிரிண்டிங் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆயுள் முழுக்க வண்டி வண்டியாகப் பொய் விட்ட வாய், அன்று ஒரு சின்னப் பொய்யை விட மாட்டேன் என்றது. "நான் வச்ச பேரும்மா" என்றேன்.

"தெரியும். முழுப் பேரும் தெரியும். அம்மா சொல்லியிருக்காங்க."

"சிரிச்சாங்களாம்மா?"

அவள் பேனரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல மாமா. ஒருநாள் போன்ல கேட்டாங்க. 'ஏட்டி, நான் வாசல்ல நின்னு இதக் கேக்கது அவங்களுக்கு அசிங்கமா இருக்கோ'ன்னு. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா விட்ருங்கம்மான்னு சொன்னேன். அதுக்கு அப்புறம்தான் போன்."

அடக்கிக்கொண்டார். என் சிரிப்பு சத்தத்தில் திவான் அடக்கியது போல.

நான் ஏணியைப் போட்டு ஏறி பேனரை அவிழ்த்தேன். முத்தையா கீழே பிடித்துக்கொண்டான். மறுநாள் புதிதாக அச்சடித்துக் கட்டினோம்: "கால்நடை மருத்துவர் கோமதி." அதில் என் படம் வேண்டாம் என்று சொன்னேன். இந்த ஊரில் பேனரில் தன் படம் வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். இப்படி எழுதும்போதே கை பழைய புத்திக்குப் போகிறது, மன்னியுங்கள்.

என் தர்பார் கலைந்துவிட்டது. கூடம் சாத்தியிருக்கிறது. மண்தொட்டி பின்கட்டில் இருக்கிறது. திவானுக்குக் குழாய் சொட்டுகிறது.

கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. காலையில் கறிகாய் வாங்கப் போகும்போது, பூனை இருக்கும் வாசல்களில் நின்று, அவர் கேட்ட அதே சத்தத்தில் கேட்கிறேன்: "போச்சா?" சுப்பம்மா ஆச்சி புதிதாக ஒரு கடுவன் குட்டியை எடுத்து வளர்க்கிறார்கள். அந்த வாசலில் மட்டும் இரண்டு தடவை கேட்கிறேன். நேற்று கேட்டுவிட்டுத் திரும்பும்போது, பின்னால் டீக்கடையில் யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்ன பெயர் வைத்தார்கள் என்று காதில் விழவில்லை. முதுகில் விழுந்தது. அதைச் சுமந்துகொண்டு அடுத்த வீட்டு கேட்டுக்கு நடக்க எவ்வளவு தூரம் என்று இப்போது தெரிகிறது. அவர் இதை நம் தெரு முழுக்க, தினமும், நடந்திருக்கிறார்.