எம்பார் எழுதிய முப்பத்தாறு

வலென்சியா பக்கத்தில் எங்கள் சுவேக்கா ஊரில் புறா சுடும் போட்டிக்கு எம்பார் ஃபெராந்திஸ்தான் தோட்டா கட்டுவாள். வயல்காட்டு ஈரத்தில் காகிதத் தோட்டா ஊதிப்போகும் என்று, காலிக் கூடுகளை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் காய வைத்திருப்பாள். நான் போட்டியில் புறாவைக் கையால் எறிகிறவன்.

செத்த புறா திடலில் போட்ட வளையத்துக்குள் விழுந்தால்தான் சேர்த்தி. அதனால் எல்லோருக்கும் தோட்டாவில் ஈய ரவை அதிகம் வேண்டும். அவள் தம்பி எலிசேவுக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

"அக்கா, முப்பத்தாறு கிராம் போடு. கஞ்சத்தனம் பண்ணாத."

"அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிடா அது. தேஞ்சு தகடாக் கெடக்கு. கை முக்கியமா, புறா முக்கியமா?"

"புறாதான்."

இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது? எம்பார் தோட்டா கட்ட உட்கார்ந்தாள். இருபத்தெட்டு கிராம் ரவை, அதற்கேற்ற வெடிமருந்து, மிச்ச இடத்துக்குக் கம்பளி அடைப்பு. வாயை மூடும் அட்டையில் மட்டும் 36 என்று மசியால் எழுதினாள். எனக்குத் தெரியும். பதினொரு வருடம் எலிசேவு அதைத்தான் சுட்டான், ஜெயித்தான், துப்பாக்கி உதைத்ததில் தோள் கழன்றுவிட்டதாகத் தேய்த்துக்கொண்டு பீற்றினான். நானும் வேடிக்கை பார்த்துச் சிரித்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் எம்பார் காய்ச்சலில் படுத்தாள். எலிசேவு கடையில் நிஜ முப்பத்தாறு வாங்கினான். பதினொரு வருடம் தாங்கிய துப்பாக்கி, அவன் ஏன் பயப்பட வேண்டும்? மூன்றாவது புறாவை எறிந்தவன் நான். குழல் வெடித்து, அவன் இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

காய்ச்சல் முழுசாக விடுமுன்பே எம்பார் அவனைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். கட்டுப் போட்ட கையை அவன் தூக்கிக் காட்டினான்.

"கடைத் தோட்டா சரியில்லக்கா. உன்னோடது ஒருநாளும் இப்படிப் பண்ணதில்ல."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னோடது முப்பத்தாறு இல்லடா. இருபத்தெட்டு. இத்தன வருஷமும்."

அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"அத்தனை புறாவும் இருபத்தெட்டுலயா விழுந்துச்சு?"

"ஆமா."

"அப்ப நான் நல்லாத்தான் சுட்டிருக்கேன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. எம்பார் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.