யோகமலர் அக்காவும் முன்முற்றச் சட்டமும்

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய மில்லிக்கனில், எங்கள் தெருவில் புல்லை வெட்டாதவர்கள் உண்டு. நானே அதில் முதல் ஆள். ஆனால் புல்லை வேரோடு பிடுங்கி எறிந்தவர் பக்கத்து வீட்டு யோகமலர் அக்கா ஒருவர்தான்.

அக்காவுக்கு அறுபது வயது. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம் மற்றவர்களின் பேஸ்மென்ட்களில் குடியிருந்தார். ஜன்னலால் பார்த்தால் தெருவில் போகிற அடுத்தவன் சப்பாத்துக் கால்தான் தெரியும் என்பார். போன வருடம்தான் சொந்த வீடு வாங்கினார்கள். பனி கரைந்த முதல் சனிக்கிழமையே மண்வெட்டியோடு முன்பக்கம் இறங்கினார். இரண்டு வார இறுதிகளில் ஒரு புல் மிச்சமில்லை. பிறகு மணல் பரவி, அஜின்கோர்ட் தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாற்றால் விடியற்காலையில் கூட்டத் தொடங்கினார்.

கூட்டினால் வரி வரியாக, வளைவு வளைவாக அப்படி ஒரு அழகு. அந்த வரிமேல் யாரும் கால் வைக்கக்கூடாது. தபால்காரர் ஒருநாள் குறுக்கே நடந்துவிட்டு, அக்காவின் பார்வையைக் கண்ட பிறகு சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். தெருவில் மற்றவர்கள் ஏதோ கட்டடம் எழும்பப் போகிறது என்று நினைத்தார்கள். எப்போது வேலை தொடங்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்காவின் கணவர் குலசிங்கம் அண்ணை, "வெரி சூன், வெரி சூன்" என்று சொல்லித் தப்பினார்.

என் புல்லைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "தம்பி, உதுக்குள்ள பாம்பு கிடந்தாலும் தெரியாது."

"இஞ்ச எங்கயக்கா பாம்பு?"

"பாம்பு வரவேணுமெண்டே புல்லு வளக்கிறீர்?"

நான் மெல்ல வீட்டுக்குள் போய்விட்டேன்.

அக்காவின் முற்றத்தைப் பற்றி யாரோ நகரசபைக்கு ஃபோன் செய்து முறையிட்டுவிட்டார்கள். சத்தியமாக நான் இல்லை. எண்ணம் வந்தது உண்மை, ஆனால் நான் சோம்பேறி. நகரசபை கதவில் ஒட்டிய கடிதத்தை குலசிங்கம் அண்ணை கிழித்தெடுத்து, அக்காவுக்குத் தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் ஆறு நாள் ஒளித்து வைத்தார். ஏழாம் நாள் நகரசபை இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். இளம் பெண். பெயர் துவாரகா. தமிழ்ப் பிள்ளை என்றதும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இனிக் கவலையில்லை என்று வேலிக்கு மேலால் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"அன்ரி, இது வெறும் மண். முன்னுக்குப் பெரும்பகுதி பச்சையா இருக்கவேணும். புல்லோ செடியோ, ஏதாவது."

"புல்லு இருந்ததுதான் பிள்ளை. நான்தான் பிடுங்கினனான்."

"வொய், அன்ரி?"

"ஆக்கள் இருக்கிற வீடெண்டு தெரியத்தான். ஊரில புல்லு முளைச்ச முற்றமெண்டால் ஆளில்லாத வீடெல்லே."

 துவாரகா, மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போய்த் தெருவோர வடிகால் கானை அடைக்கும், வேர் இருந்தால் மண் நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார். பூச்செடி நடலாம், கீரைகூட நடலாம் என்றார். கண்டதையும் நட்டால் பிறகு எங்கே கூட்டுவது என்று அக்கா கேட்டார். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. பதினாலு நாள், அதாவது இரண்டு கிழமை, தவணை கொடுத்துவிட்டுப் பிள்ளை போனது.

தவணை முடியும் நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு முற்றம் பச்சைப் பசேலென்று இருந்தது. அக்கா அதன்மேல் நின்று கூட்டிக்கொண்டிருந்தார்! பிளாஸ்ரிக் புல். குலசிங்கம் அண்ணை எங்கோ கழிவு விலையில் வாங்கி வந்து, இரவோடிரவாக விரித்து ஆணி அடித்திருக்கிறார்.

"பச்சைதானே கேட்டனீர்?" என்றார் அக்கா, துவாரகா காரால் இறங்க முன்னமே.

"ஸொறி அன்ரி. பிளாஸ்ரிக் கவுன்ட் பண்ணாது. உயிரோட இருக்கவேணும்."

இன்னும் ஒரு கிழமைதான் தருவேன் என்று பிள்ளை சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நகரசபையே ஆள் விட்டுச் செய்து, செலவை வீட்டு வரியில் போட்டுவிடுமாம். குலசிங்கம் அண்ணை பயந்து போனார். வெள்ளிக்கிழமை ஒரு லொறி நிறையப் பாய் மாதிரிச் சுருட்டிய புல் வந்து இறங்கியது.

"ஊரில புல்லுப் பிடுங்கக் கூலி குடுப்பம். இஞ்ச காசு குடுத்துப் புல்லு வாங்குறம்" என்று அக்கா படியில் நின்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணை நிமிர்ந்து பார்க்காமல் பிளாஸ்ரிக்கைச் சுருட்டி எடுத்துவிட்டு, மணல்மேல் புல்லை விரித்தார். நானும் போய் ஒரு கை கொடுத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் அந்த மணலும் வரிகளும் இல்லாமல் போயின.

அடுத்த மூன்று நாளும் அக்கா முன்கதவைத் திறக்கவில்லை. வேலைக்குக்கூடக் கராஜ் வழியாகத்தான் போனார். அந்த விளக்குமாற்றுச் சத்தம் இல்லாமல் எனக்கு விடிந்த மாதிரியே இல்லை. சும்மா சொல்லவில்லை, மனம் கனத்தது.

நாலாம் நாள் காலை சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஜன்னலால் பார்த்தேன். அக்கா தன் வீட்டு வாசலைத் தாண்டி, என் வீட்டு வாசலையும் தாண்டி, தெருவோர நடைபாதையைக் கூட்டிக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது, கடைசிப் பரிசோதனைக்கு வந்த துவாரகா நடைபாதையில் நின்று புல்லைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓகே அன்ரி, எல்லாம் சரி. ஃபைல் குளோஸ்."

"பிள்ளை, இந்த சைட்வோக் ஆற்ற? ஆருக்குச் சொந்தம்?"

"சிற்றியின்ர, அன்ரி."

"இதைக் கூட்டக்கூடாதெண்டு சட்டம் இருக்கோ?"

துவாரகா ஃபோனைத் தட்டிப் பார்த்தார். யோசித்தார். மறுபடியும் தட்டினார்.

"அப்பிடி ஒண்டும் இல்லை, அன்ரி."

"அப்ப காலைக் கொஞ்சம் எடும் பிள்ளை. நீர் நிக்கிற இடம் இன்னும் கூட்டேல்ல."