பதினான்கில் பதினொன்று

கிராமசபைத் தேர்தலில் பெரியப்பாவுக்குக் கிடைத்தவை மொத்தமே பதினொரு வாக்குகள். பெரியம்மா, அம்மா, சின்னம்மா என மூன்று சகோதரிகளின் வீடுகளும் ஒரே வேலிக்குள் இருந்த எங்கள் வளவில் வாக்காளர் பதினான்கு பேர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எண்ணாமல் இருக்கத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பெரியப்பா வாவிக்கு அக்கரையில் பிறந்து, பெரியம்மாவைக் கட்டி எங்கள் ஊருக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். அவர் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. மாரி மழையில் வயல் மூழ்கும்போதெல்லாம் மணல் அடைத்த ஆற்றுவாயை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும்படி அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதியவர் அவர்தான். ஒன்பது மனுக்கள். எதிர்த்து நின்றவர் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், எங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவர். அவர் மனு எதுவும் எழுதியதாக நினைவில்லை. வீடு வீடாகப் போய் வெற்றிலை கொடுத்தார்.

பெரியப்பா ஒரு வீட்டுக்கும் போகவில்லை. "என்ட நடத்தைய இத்தனை வருசமாப் பாத்த சனம். இனிக் கேட்டு வாங்க என்ன கிடக்கு?" என்றார். தன்னை நம்பாதவன் ஊரை எப்படி நம்புவான் என்றும் என்னிடம் சொல்வார். இதையெல்லாம் கேட்க அவருக்கு வேறு ஆள் இருக்கவில்லை.

நானும் மனைவியின் ஊரில்தான் இருக்கிறேன், நாற்பத்தொரு வருடமாக. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். இந்தத் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு பேர். தேர்தல் எதிலும் நான் நிற்கவில்லை.

முடிவு தெரிந்த மாலை எல்லோரும் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஊருக்கு நன்றி கிடையா அண்ணன். நாங்க எல்லாரும் உங்கட பக்கம்தானே" என்று சின்னம்மாவின் புருஷன் ஆறுதல் சொன்னார்.

"அப்ப நம்மட வளவிலயே பதினாலு இருக்கே, பெரியப்பா?" என்றேன்.

சின்னம்மா சொதிச் சட்டியோடு அப்படியே நின்றார். அப்பா சோற்றைப் பார்த்தார்.

"வாயப் பொத்திட்டுத் தின்னுடா" என்றார் பெரியம்மா.

"அவன ஏசாத. கணக்குச் சரிதானே" என்று பெரியப்பா சிரித்தார். கைகழுவ எழுந்தவர் திரும்பி வந்து உட்காரவில்லை.

கணக்கு இடித்தால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் அப்பியாசக் கொப்பியோடு வளவைச் சுற்றினேன். பெரியப்பாவைத் தவிர்த்துப் பதின்மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதின்மூன்று பேரும் பெரியப்பாவுக்கே போட்டிருந்தார்கள். சின்னம்மாவின் புருஷன், நான் கேளாமலே, பிள்ளையார்மேல் சத்தியமும் செய்தார்.

பெரியப்பா வாவிக்கரையில் தனியே இருந்தார். மூச்சிரைக்க ஓடினேன்.

"எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டிருக்காங்க! எண்ணினவங்கதான் பிழை விட்டிருக்காங்க. கச்சேரிக்கு மனுப் போடுங்க பெரியப்பா."

அவர் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பெரியம்மாட்டயும் கேட்டயா மனே?"

"ஓம். உங்களுக்குத்தானாம்."

"கேட்ட உடன சொன்னாவா?"

"இல்ல. முதல்ல அழுதா. பிறகுதான் சொன்னா."

பெரியப்பா கொப்பியை மூடி என் கையில் தந்தார்.

"ஓம் மனே. எண்ணினவங்கதான் பிழை விட்டிருப்பாங்க" என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கும் சரி. ஓடிவந்து பெரியம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிறுத்தினார்.

"அவர் அப்பிடியா சொன்னார்?"

"ஓம்."

பெரியம்மா வாவிப் பக்கம் பார்த்தபடி இருந்துவிட்டார். இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்தவனுக்கு ஒரு துண்டு பனங்கட்டிகூடத் தரவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.