எஞ்சினின் சத்தத்தை நான் கேட்டேன்

நான் பொய் சொன்னேன். நீளமான பொய்கூட இல்லை. ஆனால் அதனால் காதர் நானாவின் மோட்டார் வண்டி போயிற்று. வண்டியோடு அவருடைய துணிக்கடையும் போயிற்று. இத்தனை வருஷமாக யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவன் நான். பெயர் முத்தையா. எழுத்துக் கூட்டிப் படிக்கும் மட்டும் தோட்டத்துப் பள்ளியில் இருந்தேன், பிறகு ஓடிப்போனேன். கொழுந்து மூட்டை சுமந்தேன். மாட்டுவண்டி ஓட்டினேன். ஒரு துரையின் குதிரை லாயத்தில் வைக்கோலோடு படுத்தேன். துரை குதிரையை விற்று மோட்டார் கார் வாங்கியபோது அதைக் கழுவும் வேலை கிடைத்தது. துரை இல்லாத பகல்களில் பங்களா முற்றத்தில் அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகினேன். என் மோட்டார் படிப்பு அவ்வளவுதான்!

பதுளைக்கு ரயில் வந்த புதிது அது. ஸ்டேஷனில் இறங்கும் சனம் பசறைக்கும் மடுல்சீமைக்கும் போக வழி தேடி நிற்கும். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த காதர் நானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கடையையும் மனைவியின் நகைகளையும் ஈடுவைத்து, கொழும்புக் கம்பனி ஒன்றிடம் ஆள் ஏற்றும் மோட்டார் வண்டி வாங்கிவிட்டார். ஒரு வருஷத்துக்குள் எஞ்சினில் பழுது வந்தால் கம்பனியே செலவில்லாமல் மாற்றித் தரும் என்று காரண்டி.

கொழும்பில் முறையாகப் பழகிய டிரைவர் என்று சொல்லிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். நம்பினார். சாவியைக் கையில் தந்தார்.

அந்த ஆசனம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! தோட்டத்துக் கூலிகளை மேய்க்கும் கங்காணிமார் என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பார்கள். "வாங்க டிரைவரே" என்பார்கள். லயத்துப் பையனாக இருந்த காலத்தில் அதே வாய்கள் என்னை என்னவென்று கூப்பிட்டன என்பதை நான் மறக்கவில்லை...

வருஷம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. மலை ஏறும்போது எஞ்சினின் அடியிலிருந்து, மரக்கதவைத் தட்டுவதுபோல... டொக்... டொக்...

அப்பொழுதே நானாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் கம்பனிக்குத் தந்தி அடித்திருப்பார். ஏன் சொல்லவில்லை?

பயம். முறையாகப் படிக்காத நான்தான் தாறுமாறாக ஓட்டி எஞ்சினைக் கெடுத்துவிட்டேன் என்று நிச்சயமாக நம்பினேன். கம்பனி ஆள் வந்து பார்த்தால் முதல் கேள்வியிலேயே என் சாயம் வெளுத்துவிடும். மறுபடி மாட்டின் வாலைப் பிடிக்க வேண்டியதுதான்.

மாட்டுவண்டிக்காரன் புத்தி எனக்குள் இன்னும் போகவில்லை. அச்சு கத்தினால் விளக்கெண்ணெய் விடுவோம், கத்தல் அடங்கும். அதையே எஞ்சினுக்கும் செய்தேன். காலையில் நானா வருமுன்னே எஞ்சின் எண்ணெயில் கொஞ்சத்தை வடித்துவிட்டு, கெட்டியான விளக்கெண்ணெயை ஊற்றினேன். சத்தம் அமுங்கியது! நோய் தீரவில்லை, நோயாளியின் வாயைத்தான் கட்டினேன். அது தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் வாடையை என்ன செய்வது? சூடேறியதும் வண்டி முழுக்க விளக்கெண்ணெய் வீசும். மடுல்சீமைக்குப் போகும் கங்காணியின் மனைவி ஒருநாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"என்னா டிரைவரே, வண்டிக்குப் பேதிக்குக் குடுத்திருக்கியா?"

"ஆமாங்க, வயிறு சரியில்லயாம்."

"பாத்துப்பா... பாதி மலயில எறங்கி ஓடிடப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மட்டும் கீழேயே இருந்தது.

காரண்டி முடிந்த நாளில் நானா வீட்டில் பாத்திஹா ஓதி நெய்ச்சோறு போட்டார். வண்டிக்கு ஒரு வயதாகிவிட்டதாம்! அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். நானா என் தோளைத் தொட்டு அவர்களிடம் சொன்னார்:

"ஒரு வருஷம்! ஒரு நாள்கூடக் கம்பனிக்காரனக் கூப்பிடல்ல. அல்லாட காவல் ஒரு பக்கம். இவன்ட கை ஒரு பக்கம். தம்பி, வெக்கப்படாமத் தின்னுடா!"

சேர்ந்து உண்ட தட்டில் தன் கையாலேயே இன்னொரு பிடி சோற்றை என் பக்கம் ஒதுக்கினார். தின்றேன். தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று சொன்னால் அழகாக இருக்கும்... அடைக்கவில்லை. பசியோடு தின்றேன். கெடு கடந்துவிட்டது, இனி யாரும் வந்து என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது!

அடுத்த கிழமையே, பசறையைத் தாண்டிய ஏற்றத்தில், எஞ்சின் வெடித்ததுபோல ஒரு சத்தம். உள்ளே இருந்த இரும்புத் தண்டு முறிந்து எஞ்சினின் பக்கத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியே விளக்கெண்ணெய் முழுவதும் ரோட்டில் கொட்டியது. என் களவுக்கு இருந்த ஒரே சாட்சியும் மண்ணில் ஊறிப் போயிற்று.

மாடுகளைக் கட்டித்தான் வண்டியைப் பதுளைக்கு இழுத்து வந்தோம். மாட்டுக்காரன் என் பழைய கூட்டாளி. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"மாடு நாறுதுன்னு போனியே முத்தையா! இப்ப அது பின்னாலதானே வர்ற!"

நானா கொழும்புக்குத் தந்தி அடித்தார். கம்பனியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து இஞ்சினியர் ரயிலில் வந்தார். எஞ்சினைக் கழற்றி, முறிந்த தண்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஓட்டின ஆளின்ர பிழையில்லை. இரும்பு வார்க்கேக்கையே உள்ளுக்குள்ள வெடிப்பு இருந்திருக்கு. ஆர் ஓட்டியிருந்தாலும் முறிஞ்சுதான் இருக்கும்."

என் காதில் விழுந்தது உங்களுக்குப் புரிகிறதா? என் பிழையில்லை! நான் பயந்ததெல்லாம் வீண். முதல் நாளே வாய் திறந்திருந்தால் நானாவுக்குப் புது எஞ்சின் வந்திருக்கும்.

இன்னும் கேளுங்கள். நான் இங்கே சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

"கெடு முடிஞ்சு போச்சு," என்றார் இஞ்சினியர். "ஆனா, முடியிறதுக்கு முன்னமே சத்தம் வந்தது எண்டு டிரைவர் சொன்னா, நான் கம்பனியோட கதைச்சு எஞ்சினை மாத்தித் தர ஏலும். தம்பி, முன்னம் ஏதேனும் தட்டுற சத்தம் கேட்டதோ?"

கதவு இன்னும் திறந்தே இருந்தது! ஒரு 'ஆமாம்' போதும்.

நான் வாயெடுக்குமுன் நானா முந்திக்கொண்டார்.

"இல்ல தொர. இவன்ட காது பாம்புக் காது. டயர்ல முள்ளு ஏறினாலும் எறங்கிப் பாப்பான். சத்தமொண்டு வந்தீந்தா எனக்குச் சொல்லாம ஈப்பானா?"

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானாவின் முகத்தில் துளி சந்தேகமில்லை. தனக்கே நட்டமான பதிலை, என்னை நம்பியதால், பெருமையோடு சொல்லிவிட்டு நின்றார்.

"இல்லீங்க... ஒண்ணுமே கேக்கலீங்க," என்றேன்.

அந்த முகம் மாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மறு பாதி அந்த ஆசனம். சத்தம் கேட்டும் மறைத்தவன் என்று தெரிந்தால் எந்த முதலாளி எனக்கு வண்டி தருவான்?

இஞ்சினியர் கையைத் துடைத்துக்கொண்டு மாலை ரயிலில் போய்விட்டார்.

ஈட்டை மீட்க முடியவில்லை. வண்டி பழைய இரும்பாக விலைபோனது. கடையில் வேறொருவர் உட்கார்ந்தார். கடையை ஒப்படைத்த அன்றுகூட நானா எனக்காக ஒரு லொறி முதலாளியிடம் போய்ப் பேசினார். "நல்ல காதுக்காரன்" என்றாராம். அந்தச் சொல்லால் கிடைத்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் கொஸ்லந்தை ஏற்றத்தில், முதுகில் துணிமூட்டையோடு ஒரு கிழவர் நடந்துகொண்டிருந்தார். லயம் லயமாகச் சீத்தைத் துணியும் சேலையும் விற்பவர். லொறி அவரைத் தாண்டிய பிறகுதான் யாரென்று உறைத்தது. நிறுத்தினேன்.

"அடே, எங்கட முத்தையா!"

ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சற்று நேரம் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கவனித்தார்.

"சத்தமே இல்லாமப் போகுது. நல்லா வெச்சீக்கிறாய்."

"நானா..." என்றேன்.

"என்னடா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல நானா. கால் நனையுது, உள்ள தள்ளி உக்காருங்க."

தோட்டத்துப் பாதை பிரியும் முடக்கில் இறங்கினார். மூட்டையை நான்தான் தூக்கி அவர் முதுகில் வைத்தேன். கனமாக இருந்தது. என் தலையைத் தொட்டு துஆ சொல்லிவிட்டு, மழையில் லயத்துப் பாதையில் ஏறிப் போனார்.

அவர் இறந்துவிடவில்லை. பதுளையில்தான் இருக்கிறார், வீடும் எனக்குத் தெரியும். கிழமைக்கு ஒருமுறை என் லொறி அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. உங்களிடம் இவ்வளவையும் சொல்ல முடிந்த எனக்கு அங்கே நிறுத்தி இறங்க முடியவில்லை. அந்தத் தெருவில் திரும்பும்போது மட்டும் எஞ்சின் உரக்கக் கத்தும்படி மிதிக்கிறேன்...