அவர் குறைத்த சோறு

புத்தூர் டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சோற்றைக் குறைக்கச் சொன்னார். என்னிடம் அரிசியைக் குறைக்கச் சொல்லவில்லை. அதனால் நான் எப்போதும் உலையில் போடுகிற மூன்று ஆழாக்கு அரிசியையே போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததெல்லாம் அதனால் வந்ததுதான்.

நாங்கள் நகரியில் இருக்கிறோம். சொந்தமாக நான்கு விசைத்தறி. தறியை அவர் பார்க்கிறார். தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றுவதும் வீடும் என் பொறுப்பு. மகள் திருப்பதியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவள் நச்சரித்ததால்தான் அவர் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். ட்ரைகிளிசரைடு நானூற்றைத் தாண்டியிருந்தது. ரத்தத்தில் ஓடுகிற ஒரு வகைக் கொழுப்பு என்று மகள் விளக்கினாள். அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. சொல்ல வந்த பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடியாகப் பிடிக்கிறவர் அவர். விடியற்காலையில் ஷூ போட்டுக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்தார். டீயில் சர்க்கரை போயிற்று. பூரி, பரோட்டா, மிக்சர் எல்லாம் போயிற்று. மத்தியானம் தட்டில் ஒரே ஒரு கரண்டி சோறு, சுற்றிலும் காய். முதல் நாள் நான் பழக்கத்தில் நிறைய வைத்துவிட்டேன். பிசைவதற்கு முன்பே பாதிக்கு மேல் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இன்னாத்துக்கு இவ்ளோ வைக்கிறே? என்னைச் சாவடிக்கப் பாக்கிறியா?" என்று கேட்டார். அத்தனை வருஷமாக, வைக்கிற கை இப்படிச் சுருங்குகிறதே என்று என்னைத் திட்டியவர் அவர்தான்.

அந்தச் சோற்றை நான் என்ன செய்வது? எங்கள் வீட்டில் யாரும் சோற்றைக் கொட்டியதில்லை. மிச்சம் இருந்த சாம்பாரை அதில் ஊற்றி, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவினேன். அதை நான் சாப்பாடு என்று நினைக்கவே இல்லை. சாப்பாடு என்றால் தட்டு போட்டு உட்கார வேண்டும். அது பிறகு, எல்லா வேலையும் முடிந்த பிறகு, தனியாக நடந்தது. அதுவும் கொஞ்சம்தான். பசி இருக்காது.

மீன் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பிச்சாட்டூர் போய் ஏரி மீன் வாங்கி வருவார். டாக்டர் சொன்னது கடல் மீனாக இருக்கும் என்று மகள் போனில் சொன்னாள். "மீனுக்குத் தெரியுமா அது எந்தத் தண்ணியில கீதுன்னு?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார். துண்டெல்லாம் அவருக்கு மருந்து. எனக்குக் குழம்புச் சட்டி. சூடான சோற்றைச் சட்டியில் போட்டு, சுற்றிலும் ஒட்டியிருப்பதை வழித்துப் பிசைந்தால் அந்த ருசியே தனி. சட்டியும் பாதி கழுவின மாதிரி ஆகிவிடும். அந்தக் கணக்கில்தான் நான் அதைச் செய்தேன்.

மீன் எண்ணெய் மாத்திரையும் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஆளி விதையும் வந்தது. எங்கள் கடைகளில் அவிச கிஞ்சலு என்று தெலுங்கில் கேட்டால்தான் கொடுப்பார்கள். வறுத்துப் பொடித்து மோரில் கலக்கிக் கொடுப்பேன். பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். மீதி எனக்கு. நான் முடித்து வைத்த மிச்சங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

திருப்பதிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்கு லட்டுக்குக் குறைவில்லை. தெருவில் யாராவது மலைக்குப் போய் வந்துகொண்டே இருப்பார்கள். என் வீட்டுக்காரர் லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார், மீதியை என்னிடம் நீட்டுவார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. பக்தியில் நான் அவருக்கு இளைத்தவளும் இல்லை.

சில மாதங்களில் அவர் நம்பர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பேண்ட்டைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி தையல்காரரிடம் போனார். அதற்குப் பிறகு டீக்கடையில் அவர்தான் டாக்டர். யார் என்ன சாப்பிடலாம், யார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று சர்க்கரை போடாத டீயைக் குடித்துக்கொண்டே சொல்வார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மகளைப் பார்க்கத் திருப்பதி போயிருந்தபோது அவள் என்னையும் லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் நம்பர் எழுநூற்றுச் சொச்சம். அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திட்டானுங்க. இது எவனோ குடிகாரனோட ரத்தம்" என்றார். மறுபடி கொடுத்தோம். மறுபடியும் அதேதான். சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், அவையெல்லாம் ஒழுங்காக இருந்தன. மகள் அழுதாள். "நைனாவையே பாத்துக்கினு இருந்தியே, உன்னைப் பாத்துக்கினியாம்மா?" என்றாள்.

அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அம்மா என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இப்படியே இன்னும் ஏறினால் கணையம் வீங்கிவிடும், படுக்கையில் தள்ளிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. நான் இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

"ஏம் திண்டாரம்மா?" என்று கேட்டார். என்ன சாப்பிடுவேன் என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பதில் சொல்லிவிட்டார்.

"அவ துன்றதே இல்ல மேடம். குருவி மாதிரி கொறிப்பா."

நானும் தலையாட்டினேன். பொய் என்று நினைத்து ஆட்டவில்லை.

"நீங்க பாத்தீங்களா? அவங்க சாப்பிடறத?"

அவர் யோசித்தார். "நான் துன்னப்புறம்தான் துன்னுவா மேடம்" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

டாக்டர் மாத்திரை எழுதினார். "ஒரு நாள் பக்கத்துல ஒக்காந்து பாருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. "தறியப் போய்ப் பாருங்க" என்றேன். "மேடம் சொல்லிகிறாங்க" என்றார். இன்றைக்கு ஒரு நாள் எதையும் தொடாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கை கேட்கவில்லை. அவர் மிச்சம் வைத்த இட்லி தட்டின் ஓரத்திலிருந்து என் வாய்க்கு வந்தது. சட்னிக் கிண்ணத்தை வழித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த லட்டு போன இடம் தெரியவில்லை. நேரம் ஆக ஆக அவர் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

மத்தியானம் அவருக்குச் சோறு வைத்தேன். ஒதுக்கப் போன கை அப்படியே நின்றது.

"நான் ஒதுக்கறது எல்லாம் நீதான் துன்றியா?"

"பின்ன யாரு துன்னுவாங்க?"

"தெனமுமா?"

"கொட்டச் சொல்றீங்களா?" என்று கத்திவிட்டேன். "ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லிக்கினு திரியறீங்க. நான் இன்னா துன்றேன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து வந்து, கழுவி, தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒக்காரு" என்றார். அவர் சாப்பிடாமல் நான் உட்கார்ந்து பழக்கமில்லை. உட்கார்ந்தேன். சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியால் அள்ளி, என் தட்டுக்கு மேலே நிறுத்தினார்.

"எவ்ளோ வைக்கட்டும்?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் எல்லோரையும் கேட்டிருக்கிற கேள்வி அது. என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு எவ்வளவு பசிக்கும், எத்தனை கரண்டியில் வயிறு நிறையும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. அவர் கரண்டியைப் பிடித்தபடி, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.